கல்பாசி: கடைச் சரக்கு எப்படி இருக்கிறது, எதை வாங்கலாம், எதை விடலாம்

வீட்டுக்குக் கல்பாசி வாங்குவதென்றால் முழு இலையாக வாங்குங்கள். 25 கிராம் போதும். கூடுமானவரை சரக்கைத் தொட்டுப் பார்க்க விடும் கடையில் வாங்குங்கள். பொடித்து விற்கும் கல்பாசிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது, வாங்கி வந்ததைச் சட்டியில் எப்படிக் கையாள்வது, ஒரே பெயரில் நாலு விதச் சரக்கு ஏன் வருகிறது என்பதெல்லாம் கீழே இருக்கிறது.

அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாமே ஏதோ ஒரு செடியின் விதை, பட்டை, மொக்கு, கிழங்கு. கல்பாசி மட்டும் லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். உடம்பைக் கட்டுவது பூஞ்சை. அதன் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய அடுக்காக டிரெபூக்சியா என்ற ஒற்றைச் செல் பாசி உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்தைப் பிடித்து மாவுச்சத்து உண்டாக்கும் வேலை பாசியுடையது. அதில் பெரும் பங்கை ரிபிட்டால் என்ற சர்க்கரை வகையாகப் பூஞ்சை வாங்கிக்கொள்கிறது. வேர் கிடையாது. அடியில் கறுப்பாகத் தெரியும் நூல்கள் மரப்பட்டையிலோ பாறையிலோ பற்றிக்கொள்வதற்கு மட்டும். அவை மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. தண்ணீர், தாது உப்பு எல்லாம் மழை, பனி, மூடுபனி, காற்றில் வரும் தூசி வழியாகத்தான். வாங்குகிறவருக்கு இந்த விவரம் எதற்கு என்றால், கல்பாசியின் நல்லது கெட்டது எல்லாமே இந்த அமைப்பிலிருந்துதான் வருகிறது: ஏன் அது ஈரத்தை இழுக்கிறது, ஏன் எடையில் ஏமாற்ற முடிகிறது, ஏன் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது, எல்லாமே.

நூல்கள் கல்பாசி என்று சுட்டும் இனம் பார்மோட்ரீமா பெர்லாட்டம். பழைய நூல்களில் பார்மீலியா பெர்லாட்டா என்று இருக்கும். ஆனால் கடையில் ஒரு கை அள்ளினால் அதில் ஒரே இனம் மட்டும் இருப்பது அபூர்வம். பறிப்பவர்கள் இனம் பார்த்துப் பறிப்பதில்லை. கிளையில் இருப்பதைச் சுரண்டிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே "அசல் கல்பாசி" என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலப்பு இருப்பது குற்றமல்ல. என்ன கலந்திருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். இலை அகலமாக, மடல் மடலாக, ஓரம் வட்டமாகவும் அலை அலையாகவும் இருக்கும். ஒவ்வொரு மடலும் ஏறக்குறைய அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். மேல்பக்கம் சாம்பல் நிறம், சில சமயம் லேசான பச்சைச் சாயல். அடிப்பக்கம் நடுவில் நல்ல கறுப்பு, ஓரத்தை நெருங்கும்போது பழுப்பு. கறுப்பைப் பார்த்து "கருகிப்போச்சு", "அழுக்கு" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த இரட்டை நிறம்தான் அடையாளமே. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் கண்ணிமை போலக் குட்டிக் கறுப்பு முடிகள் தெரியும். விளிம்பை ஒட்டி வெள்ளைப் பொடி பூத்த மாதிரி இருக்கும். அதுவும் தூசி அல்ல, பூசணமும் அல்ல. சில பாசிச் செல்களைப் பூஞ்சை இழை சுற்றிக்கொண்டிருக்கும் நுண்ணிய பொட்டலங்கள் அவை. காற்றிலும் மழைத்துளியிலும் பறந்து போய் இன்னொரு கிளையில் ஒட்டிப் புது இலையாகும் விதை மாதிரியான ஏற்பாடு.

இதே கூட்டத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் சகோதரங்கள் சில. பார்மோட்ரீமா டிங்க்டோரம்: இலை இன்னும் பெரிது, விளிம்பில் முடி இருக்காது, மேல்பக்கத்தின் நடுவே விரல் ஓட்டினால் நெருநெருவென்று குட்டி முளைகள் தட்டுப்படும். பார்மோட்ரீமா ரெட்டிகுலாட்டம்: மேல்பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் வலைபோலப் பின்னியிருக்கும், முற்றிய இடத்தில் அந்தக் கோடுகளிலேயே வெடிப்பு விடும். பார்மோட்ரீமா நீல்கிரென்ஸ்: பெயரிலேயே நீலகிரி இருக்கிறது; முற்றியதில் பழுப்புக் கிண்ணங்கள் நிற்கும், பெரும்பாலும் கிண்ணத்தின் நடுவில் ஓட்டை. மூன்றுமே சமையலில் கல்பாசியாகத்தான் புழங்குகின்றன. இவை இருக்கிறதே என்று சரக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

வடக்கிலிருந்து வரும் மூட்டைகளில் இன்னொன்று நிறைய இருக்கும். குமாவுன், கடுவால் பக்கத்து ஓக் காடுகளில் பறித்து 'ஜூலா' என்ற பெயரில் கைமாறும் சரக்கு அது. எவர்னியாஸ்ட்ரம் வகை; இலை அகலமாக இல்லாமல் நாடா நாடாக இருக்கும், ஓரங்கள் உள்பக்கம் சுருண்டு வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். இதுவும் தின்னக்கூடியதுதான். ஆனால் தாளிப்பில் நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அகல இலை எண்ணெயில் ஒரே மாதிரி பொரியும்போது இந்த நாடாக்களின் நுனி முன்னதாகவே கருகிவிடுகிறது. மசாலாப் பொடிக்கு அரைப்பதென்றால் இந்தக் குறை தெரியாது. விலை குறைவாகச் சொன்னால் பொடிக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஒதுக்க வேண்டியவை வேறு. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நூல் நூலாகத் தாடி போலத் தொங்கும் அஸ்னியா கண்ணில் பட்டால் பொறுக்கி எறியுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். மேல்தோல் விட்டு உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு ரப்பர் போல நீளும். இரண்டு பக்கமும் ஒரே வெளிர்பச்சையாகப் பட்டை பட்டையாக இருந்தால் ராமலினா. இந்த மஞ்சள் பச்சை நிறம் பெரும்பாலும் அஸ்னிக் அமிலத்தால் வருவது. அதை மாத்திரையாகத் தின்றவர்களுக்குக் கல்லீரல் பாதித்த வரலாறு உண்டு. குழம்பில் விழும் ஒரு துணுக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் கல்பாசி விலை கொடுத்து இதை வாங்க வேண்டிய அவசியம் என்ன? இது தவிர மரத்தில் பச்சையாகப் படரும் மாஸ் என்ற குட்டிச் செடிக் கொத்து, பைன் ஊசி, எல்லாவற்றுக்கும் மேல் மரப்பட்டைச் சில்லு. பட்டைச் சில்லுதான் பெரிய தொந்தரவு. இலையைவிடக் கனம், அதனால் எடையைத் தின்னும். துவர்ப்பும் கசப்பும் குழம்பில் இறங்கும்.

இனி கடையில் செய்யக்கூடிய சோதனை. ஒரு இலையை எடுத்து விரலால் நொறுக்குங்கள். மொறுமொறுவென்று சத்தத்துடன் உடைந்தால் காய்ந்த சரக்கு. துணி போல மடங்கினால் ஈரம். கல்பாசி தன் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ தண்ணீர் பிடிக்கும். மழை கூட வேண்டாம், ஈரக் காற்றிலிருந்தும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். மலையில் அது உயிரோடிருக்கும் தந்திரமும் அதுதான். வெயிலில் சருகாகக் காய்ந்து எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, விடியற்காலை மூடுபனி தொட்டதும் மறுபடி உயிர்பெற்று ஒளிச்சேர்க்கை செய்யும். அதே குணம் கடையில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. கார்த்திகை மாத ஈரத்தில் திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் 100 கிராமில் எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர் என்று யாரும் சொல்ல முடியாது. இலை உடையக் கூடாது என்று வேண்டுமென்றே லேசாகத் தண்ணீர் தெளித்து வைப்பதும் நடக்கிறது. மாசி பங்குனியில் வாங்கினால் இந்த நட்டம் குறைவு.

மூட்டையின் அடியில் கையை விட்டு அள்ளிப் பாருங்கள். மேலே பெரிய இலையைப் பரப்பி அடியில் தூளை வைப்பது எந்த மளிகைச் சரக்குக்கும் உள்ள பழைய பழக்கம். தூள் எல்லாமே கழிவு என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் தெரிந்துவிடும்: மண்ணும் மணலும் உடனே அடியில் இறங்கும், இலைத் துணுக்கு கொஞ்ச நேரம் மிதந்து, நனைந்து, பச்சை காட்டும். அந்தப் பச்சை காட்டுவதுதான் லைக்கனின் கையெழுத்து. காய்ந்திருக்கும்போது மேல்தோல் மங்கலாக இருப்பதால் சாம்பல் நிறம். நனைந்ததும் தோல் கண்ணாடியாகி உள்ளே இருக்கும் பாசி அடுக்கு தெரிகிறது. நல்ல இலை ஒரு நிமிடத்துக்குள் பச்சைக்குத் திரும்பித் துவண்டுவிடும். நனைத்தும் பழுப்பாகவே கிடந்தால் அது பழைய சரக்கு, அல்லது பறித்த பிறகு ஈரத்தோடு குவித்து வைத்துப் புழுங்கிப்போன சரக்கு. வாசனையிலும் புழுங்கிய சரக்கு தனியாகத் தெரியும். நல்லதில் காட்டு மண், காய்ந்த மரம் மாதிரி மெல்லிய வாசம்தான் வரும். கோணிப்பை நெடி வந்தால் வேண்டாம்.

இன்னும் ஒரு படி போக ஆசைப்படுபவர்களுக்கு வேதியியல் சோதனை ஒன்று இருக்கிறது, கடையில் கிடைக்கும் வெளுப்புத் திரவமே போதும். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும் புதுப் பாட்டிலாகப் பாருங்கள். திறந்து மாதக்கணக்கில் ஆனது வேலை செய்யாது. பிளேடு நுனியால் இலையின் மேல்தோலைச் சுரண்டி உள்ளே வெள்ளைப் பஞ்சு போலத் தெரியும் அடுக்கை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு சொட்டு வையுங்கள். சில நொடியில் சிவந்தால் டிங்க்டோரம். அதிலிருக்கும் லெக்கனோரிக் அமிலம் தரும் நிறம் அது. நிறம் மாறாவிட்டால் பெர்லாட்டமாக இருக்கலாம். விளிம்பு முடியையும் பொடியையும் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். சோதித்த துண்டைச் சமையலில் போடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சொட்டுச் சோதனையை 1866இல் லைக்கன் ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் பின்லாந்துக்காரரான வில்லியம் நைலாண்டர். நீல்கிரென்ஸ் இனத்தை முதலில் விவரித்தவரும் அவரே. வேடிக்கை என்னவென்றால், லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த இரட்டை உயிர் என்று ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் சொன்னபோது, அதைக் கடைசிவரை ஏற்காமல் எதிர்த்தவரும் இதே நைலாண்டர்தான்.

கடை வாரியாகச் சொல்வதானால், முதலிடம் நாட்டு மருந்துக் கடைக்கு. சென்னை பார்க் டவுனில் ராசப்ப செட்டித் தெரு, மதுரையில் கீழமாசி வீதி மாதிரி மொத்தச் சரக்கு புழங்கும் இடங்களில் மூட்டை சீக்கிரம் காலியாகிப் புதுச் சரக்கு வரும். தொட்டுப் பார்க்க விடுவார்கள். இரண்டு தரம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இலைச் சரக்கு, உடைசல் என்று தனித்தனி விலை இருக்கும். தாளிக்க இலை, பொடிக்கு உடைசல் என்று பிரித்து வாங்குவது புத்திசாலித்தனம்.

சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுகளில் 25, 50 கிராம் முழு இலையாக வருபவை மோசமில்லை. கண்ணாடி போன்ற பையாக இருந்தால் அடியில் சேர்ந்திருக்கும் தூளை வைத்தே தரம் சொல்லிவிடலாம். பையில் கால்வாசிக்கு மேல் தூள் என்றால் அடுத்த பையை எடுங்கள். சரமாகத் தொங்கும் பத்து ரூபாய்ப் பாக்கெட் கணக்குப் பார்த்தால் மிக அதிக விலை. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை பிரியாணி செய்பவருக்கு அதுவே போதும், டப்பாவில் கிடந்து பூசணம் பிடிப்பதற்கு அது மேல்.

இணையத்தில் வாங்குபவர்கள் பெயரில் கவனமாக இருக்க வேண்டும். கடல்பாசி என்று தேடினால் பாலில் காய்ச்சி ஜெல்லி செய்யும் வெள்ளை இழை வரும். கடலில் விளைவது, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'பிளாக் ஸ்டோன் ஃபிளவர்', 'தகட் பூல்', 'பத்தர் கே பூல்' என்று போட்டிருந்தால் அது நம் கல்பாசி. 'தகட் பூல்' மராட்டியர்கள் கோடா மசாலாவுக்குப் போடுவது. அந்தப் பெயரில் பெரிய பைகளாகக் கிடைக்கும். படத்தில் இருக்கும் அழகான இலைக்கும் வந்து சேரும் நொறுங்கலுக்கும் வித்தியாசம் வருவது வண்டிப் பயணத்தால்; அதற்கு விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பொடிப் பாக்கெட் ஏன் வேண்டாம்? இலையாக இருக்கும்போது பார்க்க முடிகிற எதுவும் பொடியில் பார்க்க முடியாது. பட்டைச் சில்லு, மண், நாடா வகை, அஸ்னியா, எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். ஈரத்தை இன்னும் வேகமாக இழுத்துக் கட்டி கட்டியாகும். அதைவிட முக்கியம், பொடியைத் தாளிக்க முடியாது, எண்ணெயில் விழுந்ததும் கருகும். கல்பாசியின் வாசனை பிறப்பதே தாளிப்பில்தான்.

அந்த வாசனை பற்றி. பச்சையாக முகர்ந்தால் ஒன்றும் பெரிதாக இல்லையே என்று நினைத்துச் சிலர் அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள். ஏலக்காயில் எண்ணெய் தயாராக இருக்கிறது, நசுக்கினால் மணக்கும். கல்பாசியில் இருப்பவை அட்ரனோரின், ஸ்டிக்டிக் அமிலம் போன்ற, பறக்காத, தண்ணீரில் எளிதில் கரையாத கனமான பொருட்கள். பூச்சியும் நத்தையும் தின்றுவிடாமலும் கடும் வெயில் பாசியைச் சுட்டுவிடாமலும் லைக்கன் தனக்காகச் செய்துகொள்ளும் காப்பு அவை. அட்ரனோரின் பிளந்தால் வரும் சிறிய மூலக்கூறுகளில் ஒன்றுதான் ஐரோப்பிய வாசனைத் தைலக்காரர்கள் ஓக் பாசி என்று தேடி வாங்கும் இன்னொரு லைக்கனின் முக்கியமான மணப்பொருள். ஆகவே வாசனை வேண்டுமென்றால் சூடும் எண்ணெயும் இரண்டும் வேண்டும். கொதிக்கிற குழம்பில் நேராகப் போட்டால் சக்கை மிதக்கும், மணம் வராது.

அரைக் கிலோ கோழிக்கோ ஆட்டுக்கறிக்கோ ஒரு ரூபாய் நாணய அளவு இலை மூன்று, நான்கு போதும். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து முதலில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. அவை மணம் விட்டதும் சோம்பு. சோம்பு பொரியும்போது தீயைக் குறைத்துக் கல்பாசி. இலை சுருண்டு ஓரம் லேசாகப் பழுப்பேறும், ஐந்தாறு நொடி வேலை. உடனே சின்ன வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும். வெங்காயத்தின் ஈரம்தான் கருகாமல் காப்பாற்றுகிறது. பட்டையோடு சேர்த்துக் கல்பாசியையும் முதலிலேயே போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பட்டை தடிமன், அது சூடேறும் நேரத்துக்குள் காகிதம் போன்ற கல்பாசி எரிந்து, எரிந்த காகித நெடி குழம்பு முழுக்கப் பரவும். அப்படி ஆகிவிட்டால் எண்ணெயை மாற்றி மறுபடி தொடங்குவதுதான் வழி, மசாலா சேர்த்து மறைக்க முடியாது.

அளவு கூடினால் வேறு விதமாகக் கெடும். கசப்பு முதலில் தெரியாது, இரண்டாம் நாள் மீந்த குழம்பில் தெரியும். காளான், கத்தரிக்காய், பலாக்காய் மாதிரி மண்வாசனையோடு ஒத்துப்போகும் காய்களுக்கு இரண்டு இலை. தேங்காய்ப்பால் குருமாவுக்கு ஒன்றே அதிகம் என்பது எங்கள் கட்சி. மீனுக்கு வேண்டவே வேண்டாம்.

மசாலாப் பொடிக்கு 100 கிராம் மல்லிக்கு 2 கிராம் கணக்கு. 2 கிராம் என்பது பார்வைக்குக் குவியலாக இருக்கும். நாணய அளவு இலை ஒன்று ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. வாணலியைச் சூடாக்கி அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் புரட்டினாலே மொறுமொறுப்பாகிவிடும். தனியாக மிக்ஸியில் போடாதீர்கள், பஞ்சு போல மேலே எழும்பிச் சுற்றுமே தவிர அரைபடாது. ஈரம் இருந்தால் தோல் போல இழுபடும். மல்லியோடு சேர்த்து அரைத்தால் மல்லியின் சொரசொரப்பே அதை அரைத்துக் கொடுத்துவிடும்.

சுத்தம் செய்வதைத் தவிர்க்கக் கூடாது. இலையின் அடிப்பக்கத்துக் கறுப்பு நூல்களில் மண்ணும் பட்டைத் துணுக்கும் குட்டிப் பூச்சிகளும் மாட்டியிருக்கும். தட்டில் பரப்பி அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டியிருக்கும் பட்டையைக் கிள்ளி எடுங்கள். பிறகு அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அலசி உடனே வடித்துவிட்டு, துணியில் பரப்பி வெயிலில் மொறுமொறுப்பாகும்வரை காயவிடுங்கள். ஊறவைக்க வேண்டாம். காய்ந்ததும் சூடு ஆறிய பிறகு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி டப்பாவில். அரை குறையாகக் காய்ந்ததை மூடி வைத்தால் சில நாளில் வெள்ளைப் பூசணமும், ஊசிமுனை அளவில் ஓடும் வெளிர்நிறப் பேன் போன்ற பூச்சியும் வரும். பூசணம் வந்ததை வெயிலில் காட்டிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த முழு இலை ஒரு வருடத்துக்கு மேலும் மணம் குறையாமல் இருக்கும், காரணம் முன்பு சொன்னதுதான்: பறந்துபோக அதில் எண்ணெய் இல்லை.

எந்த ஊர்ச் சரக்கு என்று கேளுங்கள் என்றோம். வேரும் இல்லை, மெழுகுப் பூச்சும் இல்லை. காற்றில் என்ன வருகிறதோ அதெல்லாம் லைக்கனுக்குள் போய்ச் சேரும், வெளியே தள்ளும் வழி குறைவு. கந்தக டை ஆக்சைடு நிறைந்த நகரக் காற்றில் பல லைக்கன்கள் செத்துவிடும். பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் தோட்டத்தை வைத்து 1866இலேயே இதைக் கவனித்து எழுதியவர் மறுபடியும் அந்த நைலாண்டர். தாக்குப்பிடிப்பவை ஈயம் போன்ற உலோகங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் காற்று மாசை அளக்க லைக்கன்களையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு ஸ்காண்டிநேவியாவில் லைக்கன் மேய்ந்த கலைமான்களின் கறி கதிரியக்கச் சீசியம் ஏறி விற்க முடியாமல் போனதும் இந்தக் குணத்தால்தான். மலைப்பாதையில் வண்டி நெரிசல் உள்ள வளைவு ஒன்றில் நிற்கும் மரத்தில் பறித்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத சோலைக்காட்டில் பறித்ததும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். சுற்றுலா ஊர்களில் சாலையோரம் விற்கும் "ஃபிரெஷ் கல்பாசி" மீது நமக்கு ஆர்வம் இல்லாததற்கு இதுவே காரணம். ஒரு குழம்பில் விழுவது அரைக் கிராம்கூட இல்லை என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் வீட்டு மருந்தாகத் தினமும் கஷாயம் போட்டுக் குடிப்பவர்கள் யோசிக்க வேண்டும். சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்றெல்லாம் அச்சிட்ட பாக்கெட்டுகளும் விற்பனையில் உண்டு. மசாலாவாக வாங்குங்கள், மருந்தாக வேண்டுமென்றால் சித்த மருத்துவரிடம் போங்கள்.

தோட்டத்து மரத்தில் நாமே சுரண்டிக்கொள்ளலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சமவெளியில் தென்னையிலும் மாமரத்திலும் சாம்பல் வட்டமாக ஒட்டியிருப்பவை பெரும்பாலும் வேறு இனங்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும், கத்தி வைத்தால் தூளாகத்தான் வரும். கல்பாசி கேட்பது குளிர்ந்த, ஈரமான, ஆனால் வெளிச்சம் படும் இடம். நீலகிரி, பழனி மலை, ஏற்காடு, கொல்லிமலை போன்ற உயரங்களில் சோலை ஓரத்து மரங்களிலும், காப்பித் தோட்டத்து நிழல் மரங்களிலும், திறந்த பாறைகளிலும் இருக்கும். அடர்ந்த சோலையின் உள்ளே, வெயில் எட்டாத அடிமரத்தில் அது அவ்வளவாக வராது; உச்சிக் கிளைகளில்தான் செழிக்கும். காற்றடித்துக் கிளை ஒடிந்து விழும்போது அதோடு நிறைய இலை தரைக்கு வரும். விழுந்த கிளையிலிருந்து பொறுக்குவதில் யாருக்கும் நட்டமில்லை. நிற்கும் மரத்தில் பட்டையோடு செதுக்கினால் இலை மறுபடி வர எதுவும் மிஞ்சாது. வளர்ச்சி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். உள்ளங்கை அகலத்துக்கு விரிய எத்தனையோ பருவமழை பார்த்திருக்க வேண்டும். கடைக்கு வரும் இலை அத்தனையும் காட்டில் தானாக வளர்ந்தது. காப்புக்காடுகளில் அனுமதி இல்லாமல் பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பறிக்கும் விதம் சரக்கிலும் தெரியும். மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது உரித்தால் தோல் மாதிரி முழுசாகக் கழன்று வரும். காய்ந்திருக்கும்போது சுரண்டினால் நொறுங்கி, கூடவே பட்டையும் வரும். அகலமான, அடியில் பட்டை ஒட்டாத இலைகள் நிறைந்த சரக்கு என்றால் யாரோ பொறுமையாக வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம்.

25 கிராம் என்று முதலில் சொன்ன கணக்கு இதுதான்: வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு இலை என்றால் வருடத்துக்கு நானூறு சொச்சம் இலை. நாணய அளவு இலையாகப் பார்த்தால் 25 கிராமில் அவ்வளவு தேறும், தூளும் சேர்த்து. அதற்கு மேல் வாங்கி வைப்பது ஓட்டல்காரர்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி. லைக்கன் அமிலங்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வந்த விதிப்படி அழகுசாதனங்களில் தடை செய்தது. அட்ரனோரினும் அதன் குளோரின் சேர்ந்த வகையும் சிதைவதில் வரும் பொருட்கள்தான் இவை. கிலோக்கணக்கில் கல்பாசி புடைத்துச் சுத்தம் செய்யும் மசாலாக் கடை ஊழியர்கள் கையுறையும் முகத்துணியும் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் நாலு இலை கிள்ளுபவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, வாசனைத் தைலம் பூசினால் தடிப்பு வரும் தோல்காரர்களைத் தவிர.